உறைப்பை விட்ட அக்கா

திருச்சியில் மெஸ் நடத்துகிறவள் வெளிநாட்டுக்குப் போனால் மலையையும் அருவியையுமா பார்ப்பாள்? அடுத்தவர் தட்டைத்தான் பார்ப்பாள். இலங்கையில், பதுளையில் இறங்கியதும் நான் பார்த்த முதல் தட்டு, பஸ் நிலையத்தின் எதிரே ஒரு சைவக் கடையில் எனக்கு வைத்த ரொட்டியும் கட்டச் சம்பலும். காய்ந்த மிளகாயை உப்போடு வைத்து இடித்து, வெங்காயத்தைப் பேருக்குச் சேர்த்திருந்தார்கள். ஒரு விள்ளல் வாயில் போட்டேன், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. காரத்துக்குப் பேர் போன என் மெஸ் இந்தச் சம்பலுக்கு முன்னால் பால்வாடி.

"இந்தியாவாம்மா?" என்று கல்லாவில் இருந்தவர் சிரித்தார். "அது கொஞ்சம் உறைக்குந்தான். சீனி போட்டு, பால் விடாம பிளேன்டி குடிங்க, சரியாப் போயிரும்."

நான் போன காரியம் என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பது. அப்பா பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அவர் கப்பலேறித் திருச்சிக்கு வந்த பிறகுதான் நான் பிறந்தேன். பெரியப்பா இங்கேயே தங்கிவிட்டார். அவர் மகள் பார்வதி அக்கா அதே தோட்டத்தில் இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறாள். எனக்கென்று உடன்பிறப்பு முறையில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். நேரில் பார்த்ததில்லை, வீடியோவில் பேசுவதோடு சரி. பேசும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள். பல் போயிருக்கும், வெட்கப்படுகிறாள் என்று நான் கேலி செய்வேன். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன் என்று பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தாள்.

பசறை பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, பாதங்களுக்குத்தான் இடமில்லை. என் காலடியில் யாரோ ஒரு மூட்டை கோஸை வைத்துவிட்டார்கள். வளைவுக்கு வளைவு கோஸ் ஒரு பக்கம் உருண்டது, நான் மறு பக்கம் உருண்டேன். "பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க" என்று கண்டக்டர் கத்திக்கொண்டே வந்தார். பஸ்ஸுக்குப் பின்புறம் என்று ஒன்று முடியவே முடியாது என்ற நம்பிக்கை நம் ஊர்க் கண்டக்டர்களுக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

பசறைக் கடைத்தெருவில் அக்காவின் மருமகள் சுமதி காத்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லியான பெண், சிரித்தால் பல்லெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. அவள் புருஷன், அதாவது அக்கா மகன், கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவானாம். பத்திரிகையோடு வைக்கத் தாம்பூலம் வேண்டுமே என்று வெற்றிலை வாங்கினோம். "பொயிலையும் வாங்குங்க சின்ன மாமி, மாமிக்கு அது இல்லாட்டி சரிவராது" என்றாள். அதையும் வாங்கினேன். அவள் அதில் ஒரு துண்டைக் கிள்ளி அங்கேயே வாயில் அடக்கிக்கொண்டாள்.

லயம் என்றால் ரயில் பெட்டியைப் பக்கவாட்டில் தடுத்த மாதிரி வரிசையாக ஒற்றை அறைகள். அறையைக் காம்பரா என்கிறார்கள். முன்னால் நாலு பேர் உட்காரும் அளவுக்கு இஸ்தோப்பு என்று ஒரு திண்ணை. அங்கே நின்றுகொண்டிருந்தாள் அக்கா. நான் படியேறும் முன்பே ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். எங்கள் பக்கத்து நெற்றி, எங்கள் பக்கத்து மூக்கு. அழுதபோதும் தலைப்பை வாயிலிருந்து எடுக்கவில்லை.

சாப்பாடு வந்தது. எனக்குச் சிவக்கச் சிவக்கக் கிழங்குக் கறி, மாசிக் கருவாட்டுச் சம்பல். அக்காவின் தட்டில் வெளிறிய கறி ஒன்று. மஞ்சளும் உப்பும் தவிர அதில் எதுவும் இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவளுக்கென்று பாடுபட்டுத் தூக்கி வந்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை எடுத்து நீட்டினேன். மூடிமேல் துணி வைத்து நூல் சுற்றி எடுத்து வந்திருந்தேன். அக்கா அதைக் கையில் வாங்கி, மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தாள்.

"உறைப்பு விட்டுட்டேன் ராஜி. கதிர்காமத்துக்கு நேத்தி."

நேத்தி என்றால் நம் ஊர் வேண்டுதல்தான். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் சுமதிக்குப் பிள்ளையில்லை. பிள்ளை பிறந்தால் கதிர்காமத்துக்கு நடந்தே வந்து மிளகாய் தொடுவேன், அதுவரை தொடமாட்டேன் என்று முருகனிடம் சொல்லியிருக்கிறாளாம். போன வருஷத் திருவிழாவுக்கும் முன்னால் எடுத்தது. லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த காம்பராவில் இருந்த பெண் என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: "பார்வதியக்கா மாதிரி வைராக்கியம் யாருக்கும் வராதுங்க."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சாமி காரியத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று ஊறுகாயை அலமாரியில் வைத்துவிட்டேன். சுமதியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். "நீங்க சாப்பிடுங்க சின்ன மாமி, நா பொறகு அடுப்படியில சாப்பிட்டுக்குறேன்" என்றாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வேளையும் அதையேதான் சொன்னாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே இருவரும் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம் அது. பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. வெயில் வந்த பிறகு நானும் மலையேறிப் போனேன். வெயில் என்று சொல்வது மரியாதைக்கு. தூறல் நிற்கவே இல்லை. இடுப்பில் நனையாமல் கட்டிய படங்குச் சாக்கு, முதுகில் கூடை, காலில் அட்டை. எல்லாப் பெண்களுடைய கன்னத்திலும் ஒரு உருண்டை புடைத்துக்கொண்டிருந்தது. குளிருக்கும் பசிக்கும் அலுப்புக்கும் மருந்து அந்த வெற்றிலையும் பொயிலையும்தான். என்னையும் போடச் சொன்னார்கள். பொயிலை இல்லாமல் போட்டதற்கே "இந்தியாக்காரம்மா பயந்தாங்கொள்ளி" என்று ஒரே சிரிப்பு.

பத்து மணி ரொட்டியைப் பிரித்தார்கள். அக்கா ரொட்டியைச் சிறுசிறு துண்டாகக் கிள்ளி, கறுப்புத் தேநீரான சாயத்தண்ணியில் ஊறப்போட்டு, அது கூழாகும்வரை காத்திருந்து, விரலால் உள்ளே தள்ளி விழுங்கினாள். எனக்கு எங்கேயோ இடித்தது. மிளகாய் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டவள் ரொட்டியை ஏன் ஊறவைக்க வேண்டும்? சாப்பிட்டு முடித்த கையோடு வெற்றிலையை மடித்தாள்.

"ஏன்க்கா, முருகனுக்கு மிளகாயை விட்டவ இந்தப் பொயிலையை விட்டிருக்கக் கூடாதா?" என்று சும்மா சீண்டினேன்.

"இத அடக்கிக்கிட்டாத்தான் எரிச்சல் கொறையுது."

"என்ன எரிச்சல்?"

"என்னத்த... வாய்ச்சூடு." கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பத்திரிகை வைத்தேன். சாமி படத்துக்கு முன் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள் இஸ்தோப்பில் நிறைந்துவிட்டார்கள். அக்காவுக்குப் பட்டு மாதிரி ஒரு புதுச் சேலை. தட்டை வாங்கிக்கொண்டவளின் வாயில் இனிப்பு ஊட்ட வேண்டும் என்று நான் திருச்சியில் பிடித்து வந்த லட்டில் ஒன்றை எடுத்தேன். "திறக்கா" என்றேன். தலையை ஆட்டினாள். கூச்சப்படுகிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே தலைப்பை விலக்கி லட்டை வாயில் வைத்து அழுத்தினேன்.

வாய் திறக்கவில்லை. ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி, அவ்வளவுதான். லட்டு உதிர்ந்து சேலையில் கொட்டியது. அக்கா முனகினாள். என் கையில் ஒட்டியிருந்த துணுக்கில் ரத்தம் இருந்தது. வெற்றிலைச் சாறு என்று நினைத்தார்கள் மற்றவர்கள். வெற்றிலைச் சாற்றுக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்.

எல்லாரும் போன பிறகு கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். இடது கன்னத்தின் உள்ளே, எந்த இடத்தில் வெற்றிலையை அடக்குவாளோ அதே இடத்தில், ஓரம் தடித்த ஒரு புண். சுற்றிலும் சதை வெள்ளையாக இறுகிக் கிடந்தது. என் மெஸ்ஸில் பரோட்டா போட்ட மாஸ்டர் ஒருவர் இப்படித்தான் வாய் திறக்க முடியாமல் ஆனார். அவர் அடக்கியது பாக்கெட்டில் வரும் பாக்குப் புகையிலை. பல்வலி பல்வலி என்று மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தவர், பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

"யாருக்கிட்டயாவது காமிச்சியா?"

"டொக்டரையாகிட்ட காமிச்சேனே." தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கிறவரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். "ஊதா மருந்து தடவி விட்டாரு. விழுங்கச் சத்துக் குளிசை குடுத்தாரு. ஆறிரும்னாரு."

"பதுளை ஆஸ்பத்திரியில இருந்து டாக்டருங்க யாரும் வந்து வாயைப் பாக்கறதில்லையா?"

"வந்தாங்க. புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளக் காம்பராவுல வச்சுப் பாத்தாங்க. அன்னைக்கு எங்களுக்கு மேமலையில பறிப்பு. எறங்கி வந்தா பேர் போயிரும்ல." தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். "அதோட நேத்தியில இருக்கும்போது வாய்க்கு மருந்து தேடலாமா ராஜி?"

அப்போது வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. அக்கா மேல், அந்த ஊதா மருந்து மேல், வைராக்கியம் என்று பாராட்டின லயம் மேல், பாராட்டுக்கு ஒத்து ஊதிய என் மேல். நாளை காலை பதுளை போகிறோம் என்று மட்டும் சொன்னேன். சுமதி அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. இரவு பெய்த மழையில் மண் சரிந்து ரோட்டின் பாதியை மூடியிருந்தது. முன் சீட்டில் இரண்டு சிங்களப் பெண்கள் பேசிக்கொண்டிருந்ததை அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள். "அவங்க ஊரு மலையில வெடிப்பு விட்டிருக்காம். மழை பெஞ்சா பள்ளிக்கூடத்துல போய்ப் படுக்கச் சொல்லியிருக்காங்களாம். 'எங்க வீட்டுப் பசுவ யாரு பாக்குறது, நா போக மாட்டேன்'ங்குது அந்தம்மா."

"வெடிப்பைக் கண்ணால பாத்துமா போகமாட்டேங்கறாங்க?" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மண்ணை வாரி முடிக்க மத்தியானம் ஆகும் என்றார்கள். கிளினிக் அதற்குள் முடிந்துவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினோம். அந்தப் பக்கம் பதுளையிலிருந்து வந்த பஸ் ஒன்று திரும்பிப் போகத் தயாராக நின்றது. சேறு வழியும் சேலைகளோடு ஏறிய எங்களுக்கு இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அக்கா வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தாள், கொழுந்து கிள்ளிக் கிள்ளி மரத்துப்போன விரல்கள்.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் பற்களைப் பார்க்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். மருத்துவர் சிங்களப் பெண், சின்ன வயது. கற்றுக்கொண்ட தமிழ் என்பது தெரிந்தது, ஆனால் கூச்சமில்லாமல் பேசினார். சேற்றுக் காலோடு வந்ததற்கு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேனைத் தாண்டுவதே ஒரு யாத்திரை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். இங்கே எல்லாம் இலவசம். விளக்கு, நாற்காலி, படித்த பிள்ளை, எல்லாம் இருந்தது. அக்காதான் இத்தனை நாள் இல்லை.

மருத்துவர் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல.

"அம்மா, உறைப்பு சாப்பிட ஏலுமா?"

"சாப்பிடுறதில்லீங்க. கதிர்காமத்துக்கு நேத்தி."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நல்லது. எனக்கு ஒண்டு சொல்லுங்க. முதல்ல வந்தது எரிச்சலா, நேர்த்தியா?"

அக்கா என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். தலைப்பு நழுவியது, அவள் அதைப் பிடிக்கவில்லை.

"எரிச்சல்தாங்க," என்றாள். "சம்பல் வச்சா நெருப்பா எரிஞ்சிச்சு. முருகன்தான் விடச் சொல்றாருன்னு நெனச்சேன். சரி, விடறதுதான் விடறோம், சுமதிப் புள்ளைக்காக விடுவமேன்னு..."

மருத்துவர் மூன்று விரல்களைச் சேர்த்துக் காட்டினார். அவரவர் விரல் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் போக வேண்டுமாம், அதுதான் சரியான வாய். அக்காவுக்கு ஒன்றே திணறியது. பிறகு விளக்கடித்துப் பார்த்தார். தாடைக்குக் கீழே கழுத்தில் விரல்களை ஓட்டியவர் ஒரு இடத்தில் நின்றார். அங்கேயே இன்னும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். நானும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். சதையில் கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். என்னை வெளியே அழைத்து மருத்துவர் மெதுவாகச் சொன்னார். பரிசோதனை வந்துதான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் புற்று கழுத்துக்கு இறங்கிவிட்ட மாதிரித் தெரிகிறது. பெரிய ஆபரேஷன், கரண்ட் வைப்பது, எல்லாம் வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு வரலாமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று உறைத்தது.

"வலி வந்தா எல்லாரும் வாறாங்க," என்றார். "ஆனா வலி கடைசியிலதான் வரும். வெள்ளைப் படை மட்டும் இருக்கிற நேரம் வந்தா, வெத்தலை பொயிலையை விட்டு, எங்கட கண்ணுக்கு முன்னால இருந்தா காப்பாத்தலாம். நாங்க தோட்டத்துக்குப் போறோம். 'வாயில வருத்தம், ஏதும் நோய் இருக்கா'ன்னு கேட்டா எல்லாரும் இல்லை எண்டுதான் சொல்லுவாங்க. அதனால நான் இப்ப வருத்தத்தைக் கேக்கிறதில்லை. கறியைத்தான் கேக்கிறேன்."

அவர் சொன்னதைக் கேட்டு நான் அந்த நடையில் நின்றே அழுதேன். முதல் நாளே அந்தக் கறியை நான் பார்த்தேன். மஞ்சள், உப்பு என்று கணக்காகக் கண்டுபிடித்தேன். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

வார்டில் அக்காவுக்கு உடுப்பு மாற்றிவிட்டிருந்தார்கள். "முருகன் கோவிச்சுக்குவாரா ராஜி?" என்றாள். "அவருக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். சிரிக்கப் பார்த்தாள், அந்த வாயால் முடியவில்லை. "சம்பந்திக்காரங்க கேட்டா, அக்காவுக்கு வேலையிருக்குன்னு சொல்லு. சீக்குன்னு சொல்லாத, கல்யாண வீட்டுல." மாற்றுத் துணியும் சோப்பும் சுமதியிடம் வாங்கி வரச் சொன்னாள். வெற்றிலைப் பையை மட்டும் எடுத்து வர வேண்டாம் என்று அவளாகவே சொன்னாள்.

மறுநாள் தோட்டத்துக்குத் திரும்பிப் போனேன். ரோடு திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அதனால் சுமதி வீட்டில் இருந்தாள். மாமியாரின் சேலையை மடித்து, சோப்பு, சீப்பு, முருகன் படம் எல்லாம் பையில் போட்டு வைத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "சாப்பிட்டுட்டுப் போங்க சின்ன மாமி" என்று மட்டும் சொன்னாள்.

அடுப்படிக்கே போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். இன்றைக்கு என்னோடுதான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக அவளையும் உட்காரவைத்தேன். ஊறுகாய் நினைவு வந்து ஜாடியை எடுத்தேன். நான் சுற்றிய நூல் சுற்றியபடியே இருந்தது. ஏன் திறக்கவில்லை என்று கேட்க வாயெடுத்தவள், அடுப்பைப் பார்த்தேன். அடுப்பின் மேல் இரண்டு சட்டி. ஒன்றில் சிவந்த கறி, ஒன்றில் வெளிறிய கறி. அக்கா பதுளையில் படுத்திருக்கிறாள், வெளிறிய கறி யாருக்கு?

சிவந்ததை எனக்குப் போட்டாள். வெளிறியதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

நான் கையைச் சோற்றிலிருந்து எடுத்தேன். "சுமதி, உனக்குமா நேத்தி?"

"எனக்காகத்தானே மாமி விட்டாங்க," என்றாள், தட்டைப் பார்த்தபடி. "அதான் நானும்..."

"முதல்ல வந்தது எரிச்சலா, நேத்தியா?"

அடுப்பு புகைந்தது. பக்கத்துக் காம்பராவில் யாரோ தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. சுமதி வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"மாமி ஒருத்திக்கே வைத்தியம் பாக்கணும். நானும் சொன்னா யாரு பெரட்டுக்குப் போறது?" என்றாள். பிறகு, "எரிச்சல்தான் சின்ன மாமி," என்றாள்.

அவளை இழுத்துக்கொண்டு போய் இஸ்தோப்பு வெளிச்சத்தில் நிறுத்தினேன். கையைக் கழுவு என்றேன். மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் வை என்றேன். கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. புண் இல்லை. ஒரு விரல் போனது. இரண்டு போனது. மூன்றாவது பல்லில் தட்டி நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் திறந்தாள், அதுவும் போனது.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து நான் அழுதேன். அக்காவுக்காக அழுதேனா, இவள் தப்பித்தாள் என்று அழுதேனா, எனக்கே தெரியவில்லை. சுமதி விரலை வாயிலிருந்து எடுக்காமல், எடுக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எடு," என்றேன். "நாளைக்குப் பெரட்டுக்குப் போகாத. மாமி பையில உன் துணியையும் வை."